வேல்ஸ் வழக்குகளை ஹட்டனில் படிக்கலாமா? ஒரு வகுப்பு விமர்சனம்

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஹட்டனில் வார இறுதியில் நடக்கும் அதிகாரப் பகிர்வுச் சட்ட வகுப்பு, கட்டுகிற காசுக்குப் பெறுமதியானது. லண்டன் வெளிவாரி எல்எல்பி செய்கிறவர்கள், சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்குத் தயாராகிறவர்கள், பிரதேச சபையிலோ தொழிற்சங்கக் காரியாலயத்திலோ வேலை செய்கிறவர்கள் என்று யாராக இருந்தாலும் போகலாம். குறைகளும் இருக்கின்றன, அவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். வகுப்பு எடுக்கிற சேர் விளம்பரம் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் பெயரைப் போடவில்லை. பஸ் நிலையத்துப் பக்கம் உள்ள டியூஷன் இடங்களில் விசாரித்தால் சொல்வார்கள்.

வெளியே பலகையில் பொதுச் சட்டம் என்றுதான் இருக்கிறது. ஆனால் இந்தப் பகுதி முழுக்க முழுக்க, ஐக்கிய இராச்சியத்தின் ஒரு பகுதியான வேல்ஸ் பற்றியது. வேல்ஸின் சட்டசபை எப்படிச் சட்டம் இயற்றுகிறது, அந்தச் சட்டம் எல்லை தாண்டிவிட்டது என்று லண்டன் சொன்னால் ஐக்கிய இராச்சியத்தின் உயர் நீதிமன்றம் என்ன செய்கிறது, அதற்குப் பிறகு என்ன நடக்கிறது, இவ்வளவுதான் பாடம். மலையகத்தில் உட்கார்ந்துகொண்டு இதை ஏன் படிக்க வேண்டும் என்று வீட்டில் கேட்பார்கள். சேர் முதல் வகுப்பிலேயே அதற்குப் பதில் சொல்லிவிட்டார்: ஸ்கொட்லாந்துக்கு 1999இல் பெரிய அதிகாரம் ஒரே தடவையில் கிடைத்தது, வேல்ஸுக்குக் கொஞ்சங்கொஞ்சமாகத்தான் கொடுத்தார்கள், ஒவ்வொரு படியிலும் இதுவரைக்கும்தான் உன் எல்லை என்று கோடு போட்டுப் போட்டுக் கொடுத்தார்கள், ஆகவே கோடு எங்கே விழுகிறது, யார் போடுகிறார்கள், அதை யார் வாசித்து அர்த்தம் சொல்கிறார்கள் என்பதைப் படிக்க வேல்ஸை விட நல்ல இடம் இல்லை. பிரஜாவுரிமை, வாக்குரிமை, காணி என்று எல்லாமே தவணை முறையில் வந்து சேர்ந்த நமக்கு இதைப் புரிய வைக்க அதிக நேரம் தேவைப்படவில்லை.

வரலாற்றுப் பகுதியைச் சேர் நன்றாகச் சொல்கிறார். 1997 செப்டம்பர் 18இல் நடந்த சர்வசன வாக்கெடுப்பில் 50.3 சதவீதம் பேர்தான் ஆம் என்றார்கள், நாடு முழுக்க வித்தியாசம் வெறும் 6,721 வாக்குகள். அவ்வளவு மெல்லிய ஆதரவோடு 1998ஆம் வருடச் சட்டத்தின் கீழ் ஒரு சபை பிறந்தது. அந்தச் சபையால் துணைநிலை விதிகளை மட்டுமே ஆக்க முடிந்தது, சொந்தமாக ஒரு சட்டம் போட முடியாது. 2006ஆம் வருடச் சட்டம் கதவைக் கொஞ்சம் திறந்தது, ஆனால் ஒவ்வொரு விஷயத்துக்கும் லண்டனில் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. 2011 மார்ச் 3ஆம் திகதி இரண்டாவது வாக்கெடுப்பு, இந்தத் தடவை 63.5 சதவீதம் ஆம். அப்புறம்தான் விவசாயம், சுகாதாரம், கல்வி, உள்ளூராட்சி என்று 20 தலைப்புகளின் கீழ் முழுச் சட்டம் இயற்றும் அதிகாரம் வந்தது. 2017ஆம் வருடச் சட்டம் இந்த முறையைத் தலைகீழாக்கியது: லண்டனுக்கென்று ஒதுக்கி வைத்தவற்றை மட்டும் பட்டியலிட்டுவிட்டு மிச்சமெல்லாம் உனக்கு என்றது, அது 2018 ஏப்ரல் 1இலிருந்து நடைமுறைக்கு வந்தது. 2020 மே மாதம் அந்தச் சபை செனெத் என்ற பெயரை எடுத்துக்கொண்டது.

அனுமதி வாங்குகிற அந்த 2006 முறையைப் பற்றி மட்டும் அரை நாள் போனது. அவ்வளவு தேவையில்லை. பரீட்சையில் ஒரு வரி எழுதினால் போதும் என்கிற விஷயத்துக்குப் பக்கம் பக்கமாக நோட்ஸ் எழுத வைத்தார்கள்.

சரி, இந்த வகுப்பின் உண்மையான பலம் என்ன என்றால் தீர்ப்பைத் தீர்ப்பாகவே வாசிக்க வைக்கிறார்கள். நம் ஊரில் சட்டம் படிப்பது என்றால் பெரும்பாலும் யாரோ எழுதிய நோட்ஸை மனப்பாடம் செய்வதுதான், வழக்கின் பெயர், வருடம், ஒரு வரி முடிவு, அதோடு சரி. இங்கே தீர்ப்பின் போட்டோ கொப்பி கையில் கொடுக்கிறார்கள், ஆளுக்கு ஒரு பந்தி ஆங்கிலத்தில் சத்தமாக வாசிக்க வேண்டும், வாசித்தவரே அதைத் தமிழில் சொல்ல வேண்டும். முதலில் எல்லாருக்கும் கூச்சம். பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து வரும் ஒரு தம்பி முதல் வாரம் வாயே திறக்கவில்லை, பிறகு அவர்தான் பந்தி எண் சொல்லி வாதாடினார். ஐக்கிய இராச்சிய உயர் நீதிமன்றம் தன் தீர்ப்புகளையும் அவற்றின் சுருக்கத்தையும் இணையத்தில் இலவசமாகப் போடுகிறது, விசாரணைகளையும் நேரலையாகக் காட்டுகிறது. அதையெல்லாம் எப்படித் தேடி எடுப்பது என்று ஃபோனிலேயே காட்டித் தந்தார்கள். வகுப்பு முடிந்த பிறகும் கையில் மிஞ்சுவது இதுதான்.

முதலில் எடுத்த வழக்கு 2012ஆம் வருட உபவிதிகள் வழக்கு. உள்ளூராட்சி சபைகள் போடும் சில உபவிதிகளுக்கு மத்திய அமைச்சரின் அங்கீகாரம் தேவை என்றிருந்ததை வேல்ஸ் நீக்கப் பார்த்தது, புதிய அதிகாரத்தின் கீழ் நிறைவேறிய முதல் சட்டமூலமே அதுதான், அதையே லண்டனின் சட்டமா அதிபர் உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய்விட்டார். நீதிமன்றம் ஒருமனதாக வேல்ஸ் பக்கம் நின்றது. சின்ன வழக்கு. ஆனால் இந்த வழி எப்படி வேலை செய்கிறது என்பதை இதை வைத்துத்தான் விளக்கினார்: சட்டமூலம் நிறைவேறி 4 வாரத்துக்குள் சட்டமா அதிபரோ வேல்ஸ் அரசாங்கத்தின் சொந்தச் சட்ட அதிகாரியான கவுன்சல் ஜெனரலோ அதை நேரே உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம், முடிவு வரும்வரை மன்னரின் ஒப்புதலுக்குப் போகாது. நம் அரசியலமைப்பின் 154எச் உறுப்புரையிலும் இதற்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். மாகாண சபை ஒரு நியதிச்சட்டத்தை இரண்டாம் தடவை நிறைவேற்றி அனுப்பினால், ஆளுநர் அதை ஒதுக்கி வைத்து, ஜனாதிபதி ஊடாக ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தின் தீர்மானத்துக்கு அனுப்பலாம். இரண்டையும் பலகையில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிக் காட்டியபோது, முக்கியமான வித்தியாசம் தானாகவே தெரிந்தது: அங்கே மக்கள் தெரிவு செய்த வேல்ஸ் அரசாங்கத்தின் அதிகாரிக்கும் அந்தக் கதவு திறந்திருக்கிறது, இங்கே கதவின் சாவி கொழும்பு நியமிக்கிற ஆளுநரின் கையில்.

அடுத்த வழக்குக்காக மட்டுமே இந்த வகுப்புக்குப் போகலாம். 2014ஆம் வருட விவசாயத் துறைச் சட்டமூல வழக்கு.

கதை இதுதான். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் சேர்த்து விவசாயக் கூலிகளுக்கான சம்பளச் சபை ஒன்று இருந்தது, பண்ணையில் வேலை செய்கிறவர்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளம், மேலதிக நேரக் கொடுப்பனவு, லீவு எல்லாம் அதுதான் நிர்ணயிக்கும். 2013இல் லண்டன் அரசாங்கம் அதை ஒழித்துவிட்டது. வேல்ஸ் ஒழிக்க விரும்பவில்லை. அந்த வருடம் ஜூலையிலேயே அவசரச் சட்டமூலமாகக் கொண்டுவந்து, எங்கள் பண்ணைத் தொழிலாளருக்கு அந்தப் பாதுகாப்பு தொடரும் என்று நிறைவேற்றினார்கள். சட்டமா அதிபர் நீதிமன்றம் போனார். அவருடைய வாதம்: இது விவசாயமே இல்லை, இது தொழில் உறவு, சம்பளம், வேலைவாய்ப்பு பற்றியது, அது வேல்ஸுக்குக் கொடுத்த பட்டியலில் கிடையாது. 2014 ஜூலை 9ஆம் திகதி நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது என்னவென்றால், பட்டியலில் விவசாயம் என்று இருக்கிறது, விவசாயத்தில் வேலை செய்கிறவர்களின் சம்பளம் விவசாயத்தோடு தொடர்புடையதுதான், அதே சட்டத்தை இன்னொரு தலைப்பின் கீழும் வகைப்படுத்தலாம் என்பது தடையாகாது, அந்த இன்னொரு தலைப்பைப் பற்றிப் பட்டியல் எதுவுமே சொல்லாமல் விட்டிருக்கும்போது அதை ஒரு விலக்காக நாமாக வாசித்துச் சேர்க்க முடியாது. லோர்ட் ரீடும் லோர்ட் தோமஸும் எழுதிய தீர்ப்பு. மொழி அவ்வளவு தெளிவு, ஓ லெவல் ஆங்கிலம் இருந்தால் பொறுமையாக வாசித்துவிடலாம்.

இதை வாசித்துக்கொண்டிருந்தபோது அந்த அறையில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் கொழுந்து பறித்த அம்மாவின் காசில் படித்தவர்கள். 2021இல் சம்பள நிர்ணய சபை ஊடாக நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வந்தபோது கம்பெனிகள் நீதிமன்றம் போனதும், 2024இல் 1,700 என்று வர்த்தமானி வந்து, மறுபடி வழக்காகி, உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்து, அந்த வருடம் 1,350இல் வந்து நின்றதும் எல்லாருக்கும் வீட்டுக் கணக்கு. அதனால் தீர்ப்பின் நடுவிலேயே ஒரு பிரதேச சபையில் வேலை செய்யும் அக்கா கேட்டார்: "அப்படியென்றால் மத்திய மாகாண சபை நினைத்தால் நாளைக்கே தோட்டச் சம்பளத்துக்கு ஒரு நியதிச்சட்டம் போடலாமா சேர்? நம்ம பட்டியலிலும் விவசாயம் இருக்குதானே?"

சேர் பதில் சொல்லவில்லை. மாகாண சபைகளை உருவாக்கிய 1987ஆம் வருடத்துப் பதின்மூன்றாம் திருத்தத்தோடு நம் அரசியலமைப்பில் சேர்ந்த ஒன்பதாம் அட்டவணையின் மாகாண சபை நிரலை எடுத்து, விவசாயம் என்ற உருப்படியை வாசிக்கச் சொன்னார். விவசாயமும் கமநல சேவைகளும் மாகாணத்துக்குத்தான். ஆனால் உடனே ஒரு அடைப்புக்குறி வருகிறது: மாகாணங்களுக்கு இடையிலான நீர்ப்பாசன, காணிக் குடியேற்றத் திட்டங்கள் தவிர, அரச காணி தவிர, பெருந்தோட்ட விவசாயம் தவிர.

பெருந்தோட்ட விவசாயம் தவிர. நுவரெலியா மாவட்டத்தில் விவசாயம் என்றால் முதலில் கண்ணில் படுவது எது? அதைத்தான் அடைப்புக்குறிக்குள் போட்டு வெளியே எடுத்திருக்கிறார்கள். 1987ஆம் வருடத்துப் பிரதேச சபைச் சட்டமும் தோட்டப் பகுதிகளுக்குப் பிரதேச சபைக் காசைச் செலவழிக்க முடியாதபடிதான் இருந்தது, 2018இல் திருத்தும் வரைக்கும். அதிகாரப் பகிர்வு என்று ஒரே வருடத்தில் வந்த இரண்டு சட்டங்களிலும் லயத்து வாசலோடு கோடு நின்றுவிட்டது. பல வருடமாக மாகாண சபை மாகாண சபை என்று மேடைகளில் கேட்டிருக்கிறோம், இந்த அடைப்புக்குறியை எந்த மேடையிலும் யாரும் வாசித்துக் காட்டியதை நான் கேட்டதில்லை. ஒரு வேல்ஸ் வழக்கைப் படிக்கப் போன இடத்தில் அது தெரியவந்தது. வகுப்புக்குக் கட்டின காசு அந்த ஒரு மணித்தியாலத்தில் எனக்குத் திரும்பி வந்துவிட்டது.

அந்த வேல்ஸ் கதைக்கு ஒரு பின்பகுதியும் உண்டு, அதையும் விடாமல் சொன்னார். வழக்கில் வேல்ஸ் வென்றது, ஆனால் அந்தத் தீர்ப்பு திறந்துவிட்ட வழியை 2017ஆம் வருடச் சட்டம் பெருமளவு மூடியது. புதிய ஒதுக்கிய பட்டியலில் வேலைவாய்ப்பும் தொழில் உறவும் லண்டனுக்கு என்று இப்போது வெளிப்படையாகவே எழுதிவிட்டார்கள், பட்டியல் பேசாமல் விட்டது என்று இனி வாதாட முடியாது. ஆனாலும் அதற்குக் கீழேயே ஒரு விலக்கு: அந்த 2014ஆம் வருட விவசாயத் துறைச் சட்டத்தின் விஷயம் மட்டும் வேல்ஸிடமே இருக்கும். அதாவது நீதிமன்றத்தில் வென்ற அந்த ஒரு துண்டு நிலத்தைப் பிறகு பாராளுமன்றமும் தொடவில்லை. வழக்கில் வெல்வது எவ்வளவு தூரம் உதவும், எங்கே உதவாது என்பதை இவ்வளவு சுருக்கமாகக் காட்டுகிற உதாரணம் வேறு எனக்குத் தெரியாது.

மூன்றாவது வழக்கை நடத்திய விதமும் பிடித்தது. அஸ்பெஸ்டஸ் வழக்கு, 2015. அஸ்பெஸ்டஸ் தூசியால் நோயாளியான தொழிலாளருக்கு வைத்தியம் பார்க்க அரசாங்க வைத்தியசாலைகள் செலவழித்த காசை, நட்டஈடு கொடுக்கும் கம்பெனிகளிடமும் அவற்றின் காப்புறுதி நிறுவனங்களிடமும் அறவிடலாம் என்று வேல்ஸ் ஒரு சட்டமூலம் நிறைவேற்றியது. காப்புறுதிக்காரர்கள் எதிர்த்தார்கள், இதை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பியதோ வேல்ஸின் சொந்தக் கவுன்சல் ஜெனரல். பிறகு வழக்கு வருவதை விட இப்போதே தெளிவு கிடைக்கட்டும் என்ற நோக்கம்தான். ஐந்து நீதிபதிகள் 3க்கு 2 என்று பிரிந்தார்கள். லோர்ட் மான்ஸ் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, சுகாதார சேவைக்கு நிதி ஒதுக்கும் அதிகாரம் என்பது மூன்றாம் ஆட்களிடம் போய்க் கட்டணம் அறவிடும் அதிகாரம் ஆகாது என்றது, பல வருடத்துக்கு முன் எழுதிய காப்புறுதி ஒப்பந்தங்களின் மேல் புதிய சுமையைப் பின்னோக்கி ஏற்றுவது சொத்துரிமைக்கும் எதிரானது என்றது. லோர்ட் தோமஸும் லேடி ஹேலும் முக்கியமான இடத்தில் அதற்கு உடன்படவில்லை, தெரிவு செய்யப்பட்ட சபை சமூகக் கொள்கையில் எடுக்கும் முடிவுக்கு இன்னும் கூடுதலான மதிப்புக் கொடுக்க வேண்டும் என்ற பக்கம் நின்றார்கள்.

வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்தைக் காப்புறுதிக் கம்பெனிக்காகவும் மறு பக்கத்தை வேல்ஸுக்காகவும் வாதாட விட்டார். நான் கம்பெனிப் பக்கம் போட்டுவிடப்பட்டேன். மனதுக்குப் பிடிக்காத பக்கம்தான், ஆனால் பின்னோக்கிச் செல்லும் சட்டம் என்ற வாதம் எவ்வளவு பலமானது என்பது வாதாடியபோதுதான் விளங்கியது. நாளைக்கு ஒரு சம்பளச் சட்டமோ காணிச் சட்டமோ நமக்காக எழுதுகிறவர்கள் இந்தத் தீர்ப்பைப் படிக்காமல் எழுதக் கூடாது, ஏனென்றால் நல்ல நோக்கம் மட்டும் இருந்து எழுத்தில் கவனம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதை விடப் பாடம் வேண்டாம். எதிர்த்தீர்ப்பையும் பெரும்பான்மைத் தீர்ப்பு அளவுக்கே நேரம் ஒதுக்கி வாசிக்க வைத்ததற்காகச் சேருக்குத் தனியாக ஒரு நன்றி. வேறு இடங்களில் எதிர்த்தீர்ப்பு என்று ஒன்று இருப்பதே சொல்லப்படுவதில்லை.

இனி குறைகள்.

மிகப் பெரிய குறை, ஐக்கிய இராச்சியம் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிரெக்சிட்டுக்குப் பிந்திய காலத்தை ஓட்டமாக ஓட்டிவிட்டார்கள். பகிர்ந்து கொடுத்த விஷயங்களில் பாராளுமன்றம் வழமையாக அந்தந்தச் சபையின் சம்மதம் இல்லாமல் சட்டம் போடாது என்ற வழக்கத்தை 2017ஆம் வருடச் சட்டத்தில் எழுத்தில் போட்டார்கள். அதே வருடம் ஜனவரியில் பிரெக்சிட் பற்றிய மில்லர் வழக்கில், ஸ்கொட்லாந்துச் சட்டத்தில் ஏற்கனவே இருந்த இதே மாதிரி வாசகத்தைப் பார்த்த உயர் நீதிமன்றம், இது ஒரு அரசியல் வழக்கம்தான், நீதிமன்றம் இதைக் காவல் காக்காது என்று சொல்லிவிட்டது. அந்த வழக்கில் வேல்ஸின் கவுன்சல் ஜெனரலும் வந்து வாதாடியிருக்கிறார். பிறகு 2020இல் உள்நாட்டுச் சந்தைச் சட்டம் வந்தது, செனெத் சம்மதிக்கவில்லை, இருந்தும் நிறைவேறியது. இங்கிலாந்தில் விற்கலாம் என்ற ஒரு பொருளைப் பெரும்பாலும் வேல்ஸிலும் விற்க விட வேண்டும் என்கிற சட்டம் அது, ஆகவே செனெத் தன் எல்லைக்குள் ஒரு பொருளுக்குக் கட்டுப்பாடு போட்டாலும் அந்தக் கட்டுப்பாட்டுக்குப் பல் இல்லாமல் போகலாம். கவுன்சல் ஜெனரல் வழக்குப் போட்டார், 2022இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் இது காலத்துக்கு முந்திய வழக்கு, குறிப்பிட்ட ஒரு சட்டமூலம் வரட்டும் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டது. உயர் நீதிமன்றமும் அனுமதி கொடுக்கவில்லை.

இவ்வளவும் கடைசி வகுப்பின் கடைசிப் பகுதியில், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பாதிப் பேர் பையை எடுத்துக்கொண்டிருக்கும்போது சொல்லப்பட்டது. இது சரியில்லை. பட்டியலைத் தொடாமலேயே அதிகாரத்தைச் சுருக்க முடியும் என்பதற்கு இதுதான் முக்கியமான உதாரணம், நமக்கு மிகவும் பழக்கமான முறையும் இதுதான். அந்த 2006 வரலாற்றுக்குக் கொடுத்த அரை நாளை இதற்குக் கொடுத்திருக்கலாம்.

இலங்கைப் பகுதியிலும் ஒரு சமநிலை இல்லை. பதின்மூன்றாம் திருத்தத்தை 1987இல் ஒன்பது நீதிபதிகள் பார்த்து 5க்கு 4 என்றுதான் தப்ப வைத்தார்கள் என்பதையும், 2012இல், சமுர்த்தி போன்றவற்றை மத்தியின் ஒரே திணைக்களமாக்கும் திவிநெகும சட்டமூலத்தை மாகாண சபைகளுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னதையும், அடுத்த ஜனவரியில் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க பதவி நீக்கப்பட்டதையும் விளக்கமாகச் சொன்னார். ஆனால் 2013 செப்டம்பர் தீர்ப்பை, அதாவது இராகலை ஸ்டாஃபோர்ட் தோட்டக் காணி வழக்கை, வெறும் ஒரு வரியில் கடந்து போனார். அரச காணி மீதான அதிகாரம் மத்தியிடமே இருக்கிறது, ஆகவே அரச காணியிலிருந்து வெளியேறச் சொல்லும் அறிவித்தலுக்கு எதிராக மாகாண மேல் நீதிமன்றம் எழுத்தாணை கொடுக்க முடியாது என்று முடிந்த வழக்கு அது. நாடு முழுக்க இதை வடக்கு கிழக்குப் பிரச்சினையாகவே பேசுகிறார்கள். வழக்கு தொடங்கியது நம் நுவரெலியா மாவட்டத்து ஒரு தோட்டத்தில். இராகலையிலிருந்து வருகிற மாணவர்களும் அந்த அறையில் இருந்தார்கள், அவர்களுக்கே அது புதுச் செய்தி. அடுத்த தடவை இதற்கு ஒரு முழு வகுப்பு ஒதுக்க வேண்டும் என்று சேரிடமே சொல்லியிருக்கிறேன், சரி பார்ப்போம் என்றார்.

நீதிமன்ற அமைப்பைப் பற்றிய பகுதி நன்றாக இருந்தது, எதிர்பார்க்காத ஒரு பக்கத்தையும் காட்டியது. வேல்ஸுக்குச் சொந்தமாகச் சட்டசபை இருக்கிறது, சொந்தமாக நீதிமன்ற அமைப்பு கிடையாது. 16ஆம் நூற்றாண்டில் எட்டாம் ஹென்றி காலத்தில் இங்கிலாந்தோடு சேர்த்த சட்டங்களிலிருந்து இன்று வரை இங்கிலாந்தும் வேல்ஸும் ஒரே நீதி எல்லைதான். லோர்ட் தோமஸ் தலைமையிலான ஆணைக்குழு 2019இல் நீதித்துறையையும் வேல்ஸுக்குக் கொடுக்க வேண்டும் என்று விரிவாக அறிக்கை கொடுத்தது. ஆனால் பொலிஸும் நீதிமன்றமும் இன்னும் ஒதுக்கிய விஷயங்கள்தான். அதே 2019இல் உயர் நீதிமன்றம் முதல் தடவையாக கார்டிஃப் நகருக்கு வந்து அமர்ந்து வழக்குக் கேட்டது, அதற்கு இரண்டு வருடத்துக்கு முன் வெல்ஷ் மொழி பேசும் லோர்ட் லொயிட் ஜோன்ஸ் அந்த நீதிமன்றத்தில் நீதிபதியானார். அதோடு ஒப்பிட்டால் நமக்குப் பதின்மூன்றாம் திருத்தத்திலேயே மாகாண மேல் நீதிமன்றங்கள் வந்துவிட்டன, வேல்ஸிடம் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. இதைக் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே ஆச்சரியம். ஸ்டாஃபோர்ட் தீர்ப்பு அதில் எவ்வளவைக் குறைத்தது என்ற கேள்வி உடனே வருகிறது, அதனால்தான் அந்த வழக்கை ஒரு வரியில் விட்டது எனக்கு அவ்வளவு குறையாகப் படுகிறது.

2009க்கு முன் வேல்ஸின் அதிகார எல்லை பற்றிய வழக்குகள் லண்டனில் உள்ள பிரிவி கவுன்சில் என்ற மேன்முறையீட்டு மன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்றிருந்தது. அந்தப் பெயர் வந்தவுடன் சேர் நம் கதைக்குத் திரும்பினார். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தாலும் 1949 தேர்தல் திருத்தச் சட்டத்தாலும் மலையகத் தமிழர் வாக்குரிமை இழந்ததை எதிர்த்துப் போன கோடாகன் பிள்ளை வழக்கில், 1953இல் இறுதித் தீர்ப்புச் சொன்னதும் அதே பிரிவி கவுன்சில்தான். சிறுபான்மையினருக்குப் பாரபட்சமான சட்டம் செல்லாது என்று அப்போதைய அரசியலமைப்பான சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு இருந்தும், இது ஒரு நாடு தன் பிரஜைகள் யார் என்று தீர்மானிக்கும் சாதாரணச் சட்டம்தான் என்று அவர்கள் பார்த்தார்கள். தாத்தா காலத்தில் நடந்தது என்று வீட்டில் கேட்ட கதையைத் தீர்ப்பின் வடிவில் வாசிப்பது வேறு மாதிரியான அனுபவம். அந்தப் பக்கங்களை நான் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

இன்னொன்று, மொழி. செனெத் சட்டங்கள் வெல்ஷிலும் ஆங்கிலத்திலும் இயற்றப்படுகின்றன, இரண்டு வாசகமும் சட்டத்தின் முன் சமம். நம் சட்டங்களின் கடைசிப் பிரிவில் சிங்கள வாசகத்துக்கும் தமிழ் வாசகத்துக்கும் இடையில் முரண்பாடு இருந்தால் சிங்கள வாசகமே மேலோங்கும் என்று இருப்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, இரண்டும் சமம் என்ற அந்தப் பிரிவைத் திரும்பத் திரும்ப வாசிக்கத் தோன்றியது.

நடைமுறை விஷயங்கள். கட்டணம் முழுப் பகுதிக்கும் ரூபா 12,000, இரண்டு தவணையில் கட்டலாம், தோட்டத்துப் பிள்ளைகள் கேட்டால் குறைக்கிறார்கள், அதை வெளியே சொல்லிக் காட்டுவதும் இல்லை. அறை கடைக்கு மேல் மாடியில், படி செங்குத்து, வயதானவர்களுக்குக் கஷ்டம். குளிர் காலத்தில் ஜன்னல் சரியாக மூடாததால் சுவெட்டர் கட்டாயம். போட்டோ கொப்பிகள் சில பக்கங்களில் மங்கி வாசிக்கவே முடியவில்லை, பக்கத்து ஓரத்தில் உள்ள பந்தி எண்கள் வெட்டுப்பட்டுப் போயிருந்தன, தீர்ப்பைப் பந்தி எண் சொல்லி வாதாட வைக்கிற வகுப்பில் இது பெரிய இடைஞ்சல். ஃபோனில் இறக்கி வைத்துக்கொண்டு போங்கள். மின்சாரம் போனால் ப்ரொஜெக்டர் இல்லை, ஆனால் வகுப்பு நிற்பதில்லை. சூமில் சேரலாம் என்று சொன்னாலும் சத்தம் தெளிவாக இல்லை என்று மஸ்கெலியாவிலிருந்து அப்படிப் படித்தவர் சொன்னார், முடிந்தால் நேரில் வருவதே நல்லது. பெண் பிள்ளைகள் பலர் வருகிறார்கள், பின்னேரம் இருட்ட முன் முடித்துவிட வேண்டும் என்று பெற்றோர் கேட்டதால் நேரத்தை முன்னுக்குத் தள்ளியிருக்கிறார்கள், அது நல்ல முடிவு.

ஆங்கிலம் கொஞ்சமும் வராதவர்களுக்கு முதல் இரண்டு வாரம் கடினமாக இருக்கும், தமிழில் சட்டச் சொற்களுக்கு ஒரு சிறு அகராதித் தாள் கொடுக்கிறார்கள், அதை முதல் நாளே கேட்டு வாங்குங்கள். பரீட்சைக்கு மாதிரி வினாவிடை மட்டும் வேண்டும் என்கிறவர்களுக்கு இந்த இடம் சரிவராது, அப்படிப்பட்டவர்கள் வேறு வகுப்புப் பார்க்கலாம். மாகாண சபை உறுப்பினராக வர நினைக்கிறவர்கள், தொழிற்சங்கத்தில் சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகிறவர்கள் கட்டாயம் வர வேண்டும் என்பது என் கருத்து. மத்திய மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013இல், 2018இல் காலம் முடிந்த பிறகு சபையே இல்லாமல் ஆளுநரோடு வருடங்கள் ஓடின. இந்த இடைவெளியில் ஒன்பதாம் அட்டவணையை ஒரு தடவையாவது உட்கார்ந்து வாசித்து வைக்கலாம்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். ஸ்டாஃபோர்ட் வழக்குக்கும் உள்நாட்டுச் சந்தைச் சட்டத்துக்கும் முழு வகுப்பு ஒதுக்கி, கொப்பிகளையும் தெளிவாக எடுத்தால் ஐந்தும் கொடுப்பேன். புதிய பிரிவு பள்ளிக்கூட விடுமுறை முடிந்ததும் தொடங்குகிறது, இடம் குறைவு, முன்கூட்டியே போய்ப் பதிந்துகொள்ளுங்கள்.